மூன்று பாத்தி தூரம்

பாத்திக்கரையில் எதையும் ஒளித்து வைக்க முடியாது என்பது அந்த ஊர் உண்டான நாளிலிருந்தே இருந்துவந்த சங்கடம். கிழக்கே கடல், மேற்கே நெடுஞ்சாலை, நடுவில் கண்ணுக்கெட்டிய மட்டும் சதுரம் சதுரமாக உப்புப் பாத்தி, ஒரு மேடு கிடையாது, ஒரு பள்ளம் கிடையாது, மரம் என்று சொல்லிக்கொள்ள நின்ற ஒற்றை உடைமரத்தையும் ஒரு புயல் தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஆகவே யார் யார் வீட்டுக்குப் போகிறார்கள், யார் தூக்குவாளி காலியாகத் திரும்புகிறது, எந்தப் புருஷனும் பெண்டாட்டியும் வரப்பில் முன்னும் பின்னுமாகப் பேசாமல் நடக்கிறார்கள் என்பதெல்லாம் ஊருக்கே ஒரே சமயத்தில் தெரிந்துவிடும். அங்கே காதலித்தவர்கள் தபாலில் காதலித்தார்கள், தபால்காரர் வரப்பில் ஏறும்போதே அதுவும் தெரிந்துபோனது.

அப்படிப்பட்ட ஊரில்தான் லில்லி டீச்சரும் ஹவில்தார் சுயம்புலிங்கமும் சனிக்கிழமை தவறாமல், சாயங்கால வெயில் தணிந்ததும், முக்காண்டியின் டீக்கடை பெஞ்சில் ஊர் பார்க்க எதிரெதிரே உட்கார்ந்து யுத்தம் செய்தார்கள்.

யுத்தம் என்றால் பலகை யுத்தம். சுயம்புலிங்கம் பட்டாளத்தில் இருந்த காலமெல்லாம் எல்லை மலைகளில் பதுங்குகுழி வெட்டியவர், கல்யாணம் காட்சி என்று எதற்கும் லீவு எடுக்காதவர், ஓய்வு பெற்று வந்தபோது டிரங்குப் பெட்டிக்குள் ஒரு போர் விளையாட்டை வைத்துக் கொண்டுவந்தார். அதில் இருந்த பனிமலை தேசத்தின் வரைபடத்தைப் பூச்சி தின்றுவிட்டது. பெண்கள் பள்ளியில் பூகோளம் நடத்தும் லில்லி டீச்சர், கிழிந்த பள்ளிக்கூட வரைபடம் ஒன்றின் முதுகில் பாத்திக்கரையையே வரைந்து கொடுத்தார். ஒரு பாத்திக்கு ஒரு கட்டம். கட்டம் போட யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, ஊரே கட்டம் போட்டுத்தான் கிடந்தது. சட்டைப் பொத்தான் காலாட்படை, சோடா மூடி டாங்கி, தீக்குச்சி பீரங்கி. விதிப்புத்தகம் மட்டும் பூச்சிக்குத் தப்பியிருந்தது. டீச்சர் அதைச் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு மனப்பாடம் செய்துவைத்திருந்தார். அவருக்கு ஐம்பதை நெருங்கும் வயது, நேரிலோ புத்தகத்திலோ பார்த்தறியாத எதையும் வகுப்பில் சொல்லமாட்டார், சொல்லிவிட்டால் மாற்றிக்கொள்ளவும் மாட்டார். வாரம் முழுக்க அவர் சாப்பிட்டார், தூங்கினார், பாடம் நடத்தினார். சனிக்கிழமை மட்டும் வாழ்ந்தார். இதுவும் ஊருக்குத் தெரியும்.

ஆட்டத்தில் ஒரு வசதி உண்டு. ஒருவர் ஐந்து பதுங்குகுழிகளை ஒளித்து வைக்கலாம். வரைபடத்தில் வைக்காமல், எந்தெந்தக் கட்டம் என்று மூன்றாம் ஆள் காதில் சொல்லிவிட வேண்டும். எதிராளியின் படை கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்கு வந்தால் மூன்றாம் ஆள் காட்டிக்கொடுப்பார். பாத்திக்கரையில் ரகசியத்தைக் காப்பாற்றக்கூடிய ஒரே காது முக்காண்டியுடையது. அதற்குப் பெரிய காரணமெல்லாம் இல்லை, அந்த மனுஷனுக்குப் பேசச் சோம்பல். டீ இருக்கிறதா என்று கேட்டால் கெட்டிலைத் தூக்கிக் காட்டுவாரே தவிர வாயைத் திறக்கமாட்டார்.

அந்தச் சனிக்கிழமை டீச்சர் தன் பொத்தான்களை நகர்த்திவிட்டு, "மூணு பாத்திக்குள்ள ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். முக்காண்டி தலையாட்டினார். அடுத்ததாக விரலை நீட்டப் போனவரின் கையை ஹவில்தார் பிடித்துக்கொண்டார்.

"இருக்கு. ஆனா தெரியாது."

"தெரியணும். வெட்டவெளியில மூணு கட்டம். புஸ்தகத்துல போட்டிருக்கு."

"புஸ்தகம் எழுதினவன் குழி வெட்டியிருக்கானா டீச்சர்? நான் வெட்டின குழிமேல எங்க மேஜர் நின்னுக்கிட்டு, குழி எங்கடான்னு எங்கிட்டயே கேட்டாரு."

"அது மலை. பாறை இருக்கும், புதர் இருக்கும். இங்க என்ன இருக்கு? ஒரு நண்டு நடந்தா பஸ்ஸுல போறவனுக்குத் தெரியும். இந்த வெள்ளைத் தரையில குழிய ஒளிச்சு வச்சேன்னு சொல்லுதியளே, யார் காதுல பூ சுத்துதிய?"

பெஞ்சைச் சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அதுதான் வினையாகப் போயிற்று. சுயம்புலிங்கத்தின் முகம் கறுத்தது. ஆயுசில் பாதியைக் குழிக்குள் கழித்த மனுஷன், அது கண்ணுக்குத் தெரியாமல் இருந்ததால்தான் தானும் தன்னோடு இருந்தவர்களும் உயிரோடு ஊர் திரும்பினோம் என்று நம்புகிறவர்.

"நான் வெட்டின குழிய நீங்க பாத்ததில்லல்லா. பாத்துட்டுப் பேசுங்க" என்றார்.

"இருந்தாத்தானே பாக்க."

அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். டீச்சர் வரைபடத்தைச் சுருட்டாமல் அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய், ஆக்கி வைத்த சோற்றைத் திறந்துகூடப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். புத்தகப்படி தான் சொன்னது சரி என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. இருக்கிற ஒரு நாளையும் தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டோம் என்பதிலும் சந்தேகமில்லை.

மறுநாள் காலையில் உப்பு வார வந்த வேலக்கனி, ஒன்றுமில்லாத பாத்தியில் முழங்காலை இடித்துக்கொண்டாள். இடித்த இடத்தைத் திட்டிவிட்டுக் குனிந்து பார்த்தால், உப்பு மூட்டை அடுக்கிய சுவர், பனங்கட்டை உத்தரம், மேலே உப்புப் பொருக்குப் படிந்த கூரை, உள்ளே இறங்க மண்படி. ஒரு பாத்தி பின்னால் போனாள், வெறும் தரை. ஒட்டி வந்தாள், குழி. இப்படி நாலைந்து தரம் போய் வந்து பார்த்துவிட்டு, வாருபலகையைக் கீழே போட்டுவிட்டு உள்ளே இறங்கினாள். கொஞ்ச நேரத்தில் அவள் குரல் மட்டும் தரையிலிருந்து வந்தது.

"அடியே, எல்லாரும் வாங்கடி! உள்ள குளுகுளுன்னு இருக்கு!"

உப்பளத்தில் நிழல் என்றால் என்னவென்றே அதுவரை ஒருத்திக்கும் தெரியாது. மேலே வெயில், கீழே உப்பில் பட்டுத் திரும்புகிற வெயில், கண் பூத்துப்போய் நிற்கிறவர்களைப் பார்த்து வேலை நடக்கவில்லையே என்று கத்த வரப்பின்மேல் கங்காணி தவசிமணி. அன்றைக்கு அந்தப் பெண்கள் முறைவைத்து உள்ளே போய்க் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டு வந்தார்கள். வரப்பில் நின்ற தவசிமணி தலைகளை எண்ணி எண்ணிப் பார்த்துக் குழம்பினார். பாத்தித் தண்ணீரில் இறங்கித் தேடலாம்தான். அப்போதுதான் புதுச் செருப்பு வாங்கியிருந்தார்.

அந்த வாரத்திலேயே இன்னும் மூன்று குழிகள் மற்றவர்கள் முழங்காலில் தட்டுப்பட்டன. அவை எப்படி வந்தன என்று யாரும் மெனக்கெட்டு ஆராயவில்லை. ஹவில்தார் முக்காண்டி காதில் சொன்ன கட்டங்கள்தான் என்று ஊருக்குப் புரிந்துவிட்டது, அவர் சொன்னார், இவை வந்தன, இதில் வியக்க என்ன இருக்கிறது. ஊரின் கவலையெல்லாம் யாருக்கு எந்த நேரம் என்பதுதான். காலையில் பெண்கள் ஒதுங்குவதற்கு ஒரு குழி என்று முதலில் முடிவாயிற்று, அதன் பக்கம் ஆண்பிள்ளைகள் தலைவைத்துக்கூடப் படுக்கக்கூடாது என்றும் முடிவாயிற்று. புதிதாகக் கல்யாணமான ஜோடிக்கு மத்தியானத்தில் ஒரு மணி நேரம் விட்டுக்கொடுத்தார்கள். எல்லைச்சுவர்ச் சண்டையில், சாகும்வரை ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை என்று ஊர் முன்னால் சபதம் போட்டிருந்த அண்ணனும் தம்பியும், உள்ளே இருட்டாக இருப்பதால் முகத்தில் விழித்ததாகாது என்று சொல்லிக்கொண்டு தினமும் ஒன்றாக உட்கார்ந்து முறுக்குத் தின்றார்கள். பாட்டு வராத ஒருத்தர் ஆசை தீரப் பாடினார், தரை பாடுகிறது என்று காகங்கள் சுற்றிச் சுற்றிப் பறந்தன. எதற்கு அழுகிறாய் என்று கேட்க ஆளில்லாமல் ஒருத்தி முதல் தடவையாகத் தனியே அழுது முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, சிரித்த முகமாக மேலே ஏறி வந்தாள்.

ஐந்தாவது குழி மட்டும் அகப்படவில்லை. முக்காண்டியைக் கேட்டார்கள், கெஞ்சினார்கள், பால் தரமாட்டோம் என்று மிரட்டியும் பார்த்தார்கள்.

"ஆட்டம் முடியல" என்றார் முக்காண்டி. அந்த வருஷத்தில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு அது.

கங்காணியைத் தவிர, ஊரில் குழியைப் பார்க்காத ஒரே ஆள் லில்லி டீச்சர். போய்ப் பார்த்தால் தோற்றதாகிவிடும் என்ற வீம்பு பாதி. ஹவில்தார் கோவித்துக்கொண்டு கோவில்பட்டியில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார், வீடு பூட்டிக் கிடக்கிறது, அவர் இல்லாமல் அவர் குழியைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்ற ஏக்கம் மீதி. அவர் பஸ் ஏறியதை யார் பார்த்தது என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டினார்கள். டீச்சர் சனிக்கிழமைகளில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு விடைத்தாள் திருத்தினார், வழக்கத்தைவிடக் குறைவாக மார்க் போட்டார்.

ஒருநாள் வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து, "பதுங்குகுழி எவ்வளவு தூரத்துல இருந்து பாத்தாத் தெரியும் டீச்சர்?" என்று கேட்டுவிட்டது.

"வெட்டவெளியில் மூன்று கட்டம்" என்றார் டீச்சர், பலகையில் அடித்தாற்போல.

அதே நொடியில் உப்பளத்தில் நாலு குழிகளும் மூன்று பாத்தி தூரத்துக்குப் பளிச்சென்று தெரிந்தன. வரப்பில் நின்ற தவசிமணி, காலை நீட்டி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த பெண்களையும், பக்கத்துக் குழியில் முறுக்கும் கையுமாக இருந்த அண்ணன் தம்பியையும் ஒரே பார்வையில் பார்த்தார். அவர் போட்ட சத்தத்தில் எல்லாரும் சிதறி ஓடினார்கள். பள்ளிக்கூடம் விட்டு டீச்சர் வாயை மூடிக்கொண்டு வீடு திரும்பிய பிறகுதான் குழிகள் மறுபடியும் மறைந்தன. ஊர் ஒரு கணக்கைப் போட்டுக் கொண்டது. தவசிமணியும் அதே கணக்கைப் போட்டார்.

அவர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு டீச்சர் வீட்டுக்கு வந்தார்.

"வெள்ளிக்கெழமை மொதலாளி வாராவ டீச்சர். நீங்க வேற ஒண்ணும் செய்ய வேண்டாம், புஸ்தகத்துல உள்ளத ஊர் முன்னால ஒருதரம் சத்தமா வாசிச்சாப் போதும். குழியெல்லாம் தெரிஞ்சிரும், மண்ணள்ளிப் போட்டு மூடிருவோம். உள்ளதத்தானே சொல்லச் சொல்லுதேன்?"

உள்ளதுதான். அதுதான் டீச்சரைக் குத்தியது. தவசிமணி போன சூட்டோடு வேலக்கனி நாலைந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலிலேயே நின்றாள்.

"ஒங்களப் பொய் சொல்லச் சொல்லி வரல டீச்சர். ஒதுங்க எடமில்லேன்னு நாங்க காலையில இருந்து பொழுது சாயுற மட்டும் தண்ணி குடிக்க மாட்டோம். நீர்க்கடுப்பு இல்லாத பொம்பள இந்த ஊர்ல கிடையாது. இப்பத்தான் ஒரு மாசமா வயிறு நெறயத் தண்ணி குடிக்கோம். நீங்க ஒருவாட்டி வந்து பாத்துட்டு, அப்புறம் என்ன வேணும்னாலும் சொல்லுங்க."

இத்தனை வருஷமாக ஊரே தெரிகிற ஊரில் இருந்துகொண்டு, இது தன் கண்ணில் படாமலே போயிற்றே என்று டீச்சருக்கு இருந்தது. ஆனாலும் டீச்சர் டீச்சர்தான்.

"நீங்க காட்டுற குழிய வந்து பாக்க மாட்டேன். எங்க இருக்குன்னு தெரிஞ்சிக்கிட்டுப் போனா அது கண்டுபிடிக்கிறது இல்ல. அஞ்சாவது எங்கன்னு யாருக்கும் தெரியாதுல்லா? அத நான் தேடுதேன். எவ்வளவு தூரத்துல என் கண்ணுக்குத் தெரியுதோ, அதத்தான் சொல்லுவேன்."

"அதத் தேடி நாங்க பாக்காத பாத்தி இல்ல டீச்சர்."

"நீங்க பாத்த நாலு குழிக்குள்ளயும் சுவர்ல பொந்து இருக்குமே, அது வழியா என்ன தெரியுது?"

பெண்கள் யோசித்துச் சொன்னார்கள். ஒன்றிலிருந்து பஸ் நிறுத்தம் தெரிகிறது, ஒன்றிலிருந்து எடைமேடை, ஒன்றிலிருந்து ஓடைப்பாலம், ஒன்றிலிருந்து கடற்கரைப் பாதை. டீச்சர் டீக்கடையில் விட்டுவந்த வரைபடத்தை வாங்கிவரச் சொல்லி, சிவப்புப் பென்சிலால் நாலு கோடு இழுத்தார். பதுங்குகுழி என்பது ஒளிந்துகொள்வதற்கு மட்டும் வெட்டுவதில்லை, ஒரு வழியைப் பார்த்துக்கொண்டிருப்பதற்காக வெட்டுவது. ஊருக்குள் வருகிற வழியெல்லாம் பார்த்தாகிவிட்டது. மிச்சம் இருப்பது ஒரே ஒரு பாதை. அதைக் காவல் காக்க எந்தப் பட்டாளக்காரனுக்கும் காரணமில்லை. டீச்சர் பென்சிலைக் கீழே வைத்தார். காது மடல் சூடாவதை அவரால் தடுக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில் ஊர் மொத்தமும் வரப்பில் நின்றது. முதலாளி காருக்குள் ஏசியில் இருந்தார், அவருக்குக் குடை பிடிக்கத் தயாராகத் தவசிமணி நின்றார். லில்லி டீச்சர் ஒரு கையில் விதிப்புத்தகத்தோடும் மறுகையில் தன் பழைய குடையோடும், தன் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகிற பாதையில் பாதி தூரம் நடந்து, சட்டென்று திரும்பி, சேலையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு பாத்திகளுக்குள் இறங்கினார். மூன்று பாத்தி இருக்கும்போது நின்று பார்த்தார். வெள்ளைத் தரை. இரண்டு பாத்தியில் நின்றார், கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். ஒன்றுமில்லை. புத்தகம் ஜெயிக்கட்டும் என்று நேர்மையாகவே முயற்சி செய்தார். ஒரு பாத்தியில் நின்றபோதும் தரை தரையாகத்தான் இருந்தது, இங்கே இல்லை போலிருக்கிறதே என்று மனசு துவண்டு, அடுத்த காலை எடுத்து வைத்தார். உப்புப் பொருக்கு நொறுங்கியது.

வரப்பில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே, பட்டப்பகலில், மறைய ஒரு புல்கூட இல்லாத இடத்தில் டீச்சர் காணாமல் போனார்.

கீழே அவரை இரண்டு கைகள் தாங்கிப் பிடித்திருந்தன.

"பாத்து டீச்சர். மேல்கூர இன்னும் சரியாக் காயல" என்றார் சுயம்புலிங்கம்.

"கோவில்பட்டிக்குப் போகலியா?"

"கோவிச்சுக்கிட்டுப் போறவன் பஸ்ஸுக்கு நிக்குறத ஊரே பாத்தா என்ன மரியாதை இருக்கு? அதான் இங்க வந்து இருந்துட்டேன். இருட்டினப்புறம் முக்காண்டி டீயும் சோறும் கொண்டாந்தான்."

சுவரில் பொந்து இருந்தது. டீச்சர் குனிந்து அதில் கண்ணை வைத்தார். அவர் வீட்டு வாசல் தெரிந்தது. அங்கிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் நேராகப் போகிற பாதை தெரிந்தது. வேறு எதுவும் தெரியவில்லை. அவர் நிமிராமலே இருந்தார், நிமிர்ந்தால் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

"குடையில ஒரு கம்பி ஒடிஞ்சிருக்கு" என்று பின்னாலிருந்து ஹவில்தார் மெதுவாகச் சொன்னார். "செவ்வாக்கெழமையில இருந்து. அந்தப் பக்கம் வெயில் தோள்ல விழுது."

டீச்சர் அப்படியே உப்பு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். அவருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. எதற்கு என்று கேட்க அங்கே ஊர் இல்லை என்பதால் இரண்டையும் தாராளமாக வரவிட்டார்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டதும் ஹவில்தார் கேட்டார். "கேக்கேன்னு நெனைக்காதிய. எத்தன பாத்தி தூரத்துல தெரிஞ்சுது?"

"கால வச்ச பெறகுதான்."

பட்டாளத்திலிருந்து திரும்பிய பிறகு அவர் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கும் டீச்சரைத் தவிர யாரும் பார்க்கவில்லை. "நீங்க சொன்னதும் தப்பில்ல டீச்சர்" என்றார் பெருந்தன்மையோடு. "மத்தவன் வெட்டின குழின்னா மூணு பாத்தியில நானே கண்டுபிடிச்சிருவேன்."

மேலே ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. முதலாளி காரை விட்டு இறங்கி, "என்னவே நடக்கு?" என்று அதட்டினார். அப்போது வெறும் தரையிலிருந்து, கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற வகுப்புக் குரலில் டீச்சர் பேசினார்.

"விதிப்புத்தகத்தில் ஒரு திருத்தம். எல்லாரும் கவனிக்கவும். வெட்டவெளியில் மூன்று கட்டம் என்பது அடிக்கப்பட்டது. கால் வைத்தால் மட்டுமே தெரியும். நான் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்."

சிவப்புப் பென்சில் காகிதத்தில் கீறுகிற சத்தம்கூடக் கேட்டதாக வேலக்கனி பின்னால் சத்தியம் செய்தாள். அந்த நொடியில், ஒட்டி நின்றால் தெரிந்துகொண்டிருந்த நாலு குழிகளும் கூட மறைந்துபோயின. முதலாளி பைனாகுலரை வைத்துப் பாத்தி பாத்தியாகப் பார்த்தார். கடல் தெரிந்தது, உப்பு அம்பாரம் தெரிந்தது, அவருடைய வேலையாட்கள் தெரிந்தார்கள்.

"எங்கவே குழி?"

தவசிமணி ஒன்றுமில்லாத தரையைக் காட்டினார். அங்கே, என்றார். அப்புறம் இங்கே என்றார். வெயிலில் நின்று நின்று உமக்கு மண்டை கலங்கிவிட்டது என்று முதலாளி சொல்லிவிட்டுக் காரைத் திருப்பச் சொன்னார். வேலக்கனிக்கே தவசிமணியைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரு வாரம் கழித்து அவள் அவரைக் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போய், செருப்பைக் கழற்ற வைத்து, ஒரு குழியில் இறக்கிவிட்டு மோர் கொடுத்தாள். இப்போதெல்லாம் முதலாளி போன் வந்தால் அவரைத் தேடிப் பயனில்லை.

அதெல்லாம் பிறகு. அந்த வெள்ளிக்கிழமை, கார் போன பிறகும் டீச்சர் வெளியே வரவில்லை. வெயில் சாய்ந்தது, வரவில்லை. பாத்திக்கரை இத்தனை நேரம் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளாமல் இருந்ததே கிடையாது. முக்காண்டி இரண்டு டம்ளரில் டீயை ஆற்றிக்கொண்டு வரப்பில் நடந்து போய், நடுப்பாத்தியில் மறைந்து, வெறுங்கையோடு திரும்பி வந்தார். ஊர் அவரைச் சூழ்ந்துகொண்டது.

"என்ன அண்ணாச்சி, உள்ள என்ன நடக்கு?"

முக்காண்டி எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஆட்டம் முடியல" என்றார்.

அப்புறம் வேலக்கனி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, சரி, வாங்க போவோம் என்று நடந்தாள். அவள் பின்னால் ஒவ்வொருவராகத் திரும்பி, ஒன்றும் தெரியாமலே, சிரித்துப் பேசிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

திங்கட்கிழமை காலையில் லில்லி டீச்சர் வழக்கம்போலப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தார். குடையில் ஒடிந்த கம்பியைப் பட்டாளத்துப் பச்சை நூலால் நெருக்கமாகச் சுற்றிக் கட்டியிருந்தது. நெடுஞ்சாலை வரைக்கும் அது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. யார் கட்டிக் கொடுத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.